சாய்கோடும் ‘என்று’ எனும் சொல்லும்



கலும்பாங் மாணவர் ஒருவர் தம் பெயரை மைகாட்டில் உள்ளவாறே இணையப் படிவத்தில் நிரப்புகிறார் எனக் கொள்வோம்: கண்ணன் ஏ/எல் முத்து. ‘மகன்’ எனப் பொருள்படும் மலாய்ச் சுருக்கம் அது. அதிலுள்ள சாய்கோடு தனியே நின்றால் தீங்கற்றது. வலைப்பக்க மொழியில் கோணக்குறியை அடுத்து வந்தாலோ கட்டளையாகிவிடும்.

இதற்கு அஞ்சிச் சில நிரலாளர் சாய்கோட்டை நீக்குகின்றனர், பெயர் சிதைகிறது. சிலர் அதனை / என மாற்றிச் சேமிக்கின்றனர்; வார்ப்புரு மீண்டும் ஒருமுறை மாற்ற, பெயரின் நடுவே அந்த எண்ணே தோன்றுகிறது. சிலர் ஒன்றுமே செய்வதில்லை. பெயர்க்கட்டத்தில் ஒருவர் இட்ட தீய நிரல், பக்கத்தைப் பார்க்கும் பிறருடைய உலாவியில் இயங்கிவிடுகிறது.

தீர்வை நம் இலக்கணம் உணர்த்துகிறது. ‘வா’ என்பது ஏவல். “வா என்று சொன்னான்” எனக் கேட்டு நாம் எழுந்து செல்வதில்லை. சொல் மாறவில்லை, ‘என்று’ அதனை மேற்கோளாக்கிவிட்டது.

அவ்வாறே, எழுதியதை எழுதியபடியே சேமித்தல் வேண்டும். பக்கத்தில் இடும்போது மட்டும், ஒரே முறை, இடத்திற்கேற்ப மாற்றுதல் வேண்டும்: கோணக்குறி < ஆகும்; இரட்டை மேற்கோட்குறி " ஆகும். உலாவி அவற்றைக் கட்டளையாகக் கொள்ளாது, எழுத்தாகவே காட்டும். பிழை திருத்தத் திரும்பிவரும் படிவத்திலும் பெயர் முழுமையாக நிற்கும்.

நிரல் பயிலும் மாணவர்களே, நீங்கள் உருவாக்கும் படிவத்தில் முதற்சோதனையாக உங்கள் தந்தை பெயரோடு கூடிய முழுப்பெயரை இடுங்கள். அதனைச் சிதைக்கும் படிவம் இன்னும் நிறைவுறாத படிவமே.