சான்றிதழ் இருந்தால் போதுமா?

கிம்பர்லி சான்றிதழோடு வரும் வைரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார் எதிரணி நண்பர். நான் ஒப்பமாட்டேன்.

சியரா லியோனிலும் அங்கோலாவிலும் கிளர்ச்சிப் படைகள் வைரத்தை விற்று ஆயுதம் வாங்கின. அதைத் தடுக்க 2003இல் நடப்புக்கு வந்தது கிம்பர்லி ஏற்பாடு. மலேசியாவும் சிங்கப்பூரும் அதில் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது தடுப்பது எதை? சட்டபூர்வ அரசை எதிர்த்துப் போரிடக் கிளர்ச்சியாளர்கள் விற்கும் பட்டை தீட்டாத கல்லை. அவ்வளவுதான்!

அரசின் படையே சுட்டால்? ஜிம்பாப்வேயின் மராங்கேயில் 2008இல் அதுதான் நடந்தது. பிழைப்புக்காக வைரம் தோண்டியவர்களை ராணுவம் ஹெலிகாப்டரிலிருந்தும் சுட்டது. 200 பேருக்கு மேல் மாண்டதாக 2009இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கூறியது. இருந்தும் 2011 நவம்பரில் மராங்கே கற்களுக்கு ஏற்றுமதி அனுமதி கிடைத்தது! கிம்பர்லி ஏற்பாடு உருவாகப் பாடுபட்ட குளோபல் விட்னஸ் அமைப்பே மறுமாதம் அதிலிருந்து வெளியேறியது.

இன்னொன்று. பட்டை தீட்டிய கல்லுக்கு அந்தச் சான்றிதழே கிடையாது. சூரத் பட்டறைகளில் பல நாட்டுக் கற்கள் கலந்துவிடுகின்றன. கடையில் தரும் தாள் எடை, நிறம், தெளிவு, வெட்டு ஆகியவற்றைச் சொல்லும். எந்த மண்ணில் எடுத்தது என்று பெரும்பாலும் சொல்லாது.

தாய்மார்களே, மகளுக்குத் தோடு வாங்கும்போது செய்கூலிக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசுகிறோம். 'இந்தக் கல் எந்தச் சுரங்கத்தது? எழுதித் தருவீர்களா?' என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால், கடைக்காரர் தம் மொத்த வியாபாரியைக் கேட்பார்.