பட்டப்பெயரும் பாரவண்டியும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வடிவம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருந்தார்கள். வெண்பாவின் தளையைப் பற்றியோ புதுக்கவிதையின் வரி அமைப்பைப் பற்றியோ பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டதோ இங்கிலாந்தின் சரக்கு ரயில் எஞ்சின்கள். முகம் சுளிக்க வேண்டா. பழகிய வடிவம் ஒன்றினை உயிராய் நேசிக்கிற கூட்டத்தின் முன் புதியதொரு வடிவம் வந்து நின்றால், அக்கூட்டம் என்ன சொல்லி அதனை வரவேற்கிறது என்பதே என் பொருள். அந்நாட்டு எஞ்சின் ரசிகர்கள் அதற்கு நல்ல சான்று. அவர்கள் பெரும்பாலும் கட்டுரை எழுதி விமர்சிப்பதில்லை, பட்டப்பெயர் வைத்து விடுகிறார்கள்.

நிலைய மேடையின் ஓரத்தில் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக நின்று, கடந்து செல்லும் எஞ்சின்களின் எண்களைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் அங்கே பழையது. அதற்கு ஒரு கையேடு கிடைத்தது 1942இல். சதர்ன் ரயில்வேயின் வாட்டர்லூ அலுவலகத்தில் பணியாற்றிய இயன் ஆலன் என்னும் இளைஞர், அந்த ரயில்வேயின் எஞ்சின்களையெல்லாம் எண் வரிசையில் தொகுத்துச் சிறு நூலாக வெளியிட்டார். பின்னர் மற்ற ரயில்வேக்களுக்கும் அத்தகைய நூல்கள் வந்தன, ஒரு தலைமுறைச் சிறுவர்களின் சட்டைப் பையில் அவை இடம்பிடித்தன. வேடிக்கை என்னவெனில், அதே 1942இல், அதே சதர்ன் ரயில்வேயில்தான் இங்கிலாந்து அதுவரை கண்டிராத ஓர் அவலட்சண எஞ்சினும் பிறந்தது. கியூ1 என்பது அதன் வகைப்பெயர்.

அதுவரை ஆறு சக்கரச் சரக்கு எஞ்சின் என்றால் இன்னபடி இருக்கும் என்று அங்கே ஓர் இலக்கணம் இருந்தது. நீண்ட உருளையாய்க் கொதிகலன். அதன் பக்கவாட்டில் ஆள் நடந்து செல்லும் தட்டு. சக்கரங்களின் மேல் வளைந்த மூடிகள். நல்ல காலமாயிருந்தால் பித்தளைப் பட்டையும் வண்ணக் கோடுகளும். சரக்கு இழுக்கும் எஞ்சினுக்கும் ஒரு மரியாதை உண்டு என்று அக்காலத்தார் நினைத்தார்கள். போர் வந்தது, எஃகு அரிதாயிற்று. சதர்ன் ரயில்வேயின் தலைமை எந்திரப் பொறியாளர் ஆலிவர் புல்லீட் நடைதட்டை நீக்கினார். சக்கர மூடிகளை நீக்கினார். கொதிகலனை வட்டமாய்ப் போர்த்தியிருந்த உறையையும் மாற்றினார். வெப்பம் காக்க அவர் பயன்படுத்திய கண்ணாடி இழைப் பஞ்சு, மேலுறையின் பாரத்தைத் தாங்காது. ஆகவே உறையைக் கொதிகலன்மேல் படிய விடாமல், எஞ்சினின் சட்டத்திலிருந்தே எழுப்பி நிறுத்தினார். விளைவு, மேலே கோணலும் பக்கத்தில் தட்டையுமாக ஒரு தகரப் பெட்டி. இப்படி மிச்சம் பிடித்த எடையைப் பெரிய கொதிகலனுக்குச் செலவிட்டார். 51 டன்னுக்குச் சற்றே மேற்பட்ட எடையில், பிரிட்டனின் ஆறு சக்கர எஞ்சின்களிலேயே மிகுந்த ஆற்றல் உடையது அதுவாயிற்று. பிரைட்டனிலும் ஆஷ்ஃபோர்டிலுமாக 40 எஞ்சின்கள் கட்டப்பட்டன.

ரசிகர்களோ திடுக்கிட்டார்கள். 'பிஸ்கட் டப்பா' என்றார்கள். 'காப்பிப் பாத்திரம்' என்றார்கள். 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்றும் சொன்னார்கள். மற்றொரு ரயில்வேயின் பெரும்பொறியாளரான வில்லியம் ஸ்டானியர் இதன் படத்தைப் பார்த்துவிட்டு, "சாவியை எங்கே போட்டு முறுக்குவது?" என்று கேட்டதாக ஒரு செவிவழிக் கதை உண்டு. முடுக்கிவிட்டால் ஓடும் தகரப் பொம்மை போலிருக்கிறது என்பது அதன் குறிப்பு. கதை மெய்யோ பொய்யோ, எண்பதாண்டுகளாய் வழங்கிவருகிறது. நல்ல அங்கதத்துக்கு ஆயுள் கெட்டி.

இந்தப் பெயர்களை நான் சிரித்துவிட்டுக் கடக்க விரும்பவில்லை. உவமை தோன்றும் வகை நான்கு என்று தொல்காப்பியர் வகுத்ததைக் கவிஞர்களாகிய உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை: வினை, பயன், மெய், உரு. மெய் என்பது வடிவம், உரு என்பது வண்ணம். ஆங்கிலேய ரயில் ரசிகர் எவரும் உவமவியலைப் படித்திருக்க மாட்டார். ஆயினும் அவர்கள் இட்ட பெயர்கள் இந்த நான்கு பெட்டிகளிலும் பாங்காய் விழுகின்றன. 1976 முதல் வந்த 56ஆம் வகுப்பு டீசல் எஞ்சினுக்கு முகத்தில், ஊதுகுழலை மறைத்து ஒரு கம்பிவலை. அதனால் அது 'கிரிட்'. 1983இல் வந்த 58ஆம் வகுப்புக்கு இரு முனைகளிலும் அகன்ற ஓட்டுநர் அறை, நடுவே ஒடுங்கிய உடல்; அதனால் அது 'எலும்பு'. இவ்விரண்டும் மெய்யுவமை. 60ஆம் வகுப்பு 'இழுவைப்படகு' ஆனது. பெருங்கப்பலை இழுத்துச் செல்லும் சிறுபடகின் வினையை அதில் கண்டார்கள் என்று கொள்ளலாம். 20ஆம் வகுப்பு ஓடும்போது எழும் ஓசை ஹெலிகாப்டரை நினைவூட்டியதால் அது 'சாப்பர்'. ஓசையை நான்கில் எதில் அடக்குவது என்பதை இங்குள்ள புலவர்களின் தீர்ப்புக்கு விட்டுவிடுகிறேன். உணவு இடைவேளையில் சண்டையிட்டுக்கொள்ளலாம்.

நான் சொல்ல வருவது இது. ஏளனப் பெயர் வைத்தவன் கவனமாய்ப் பார்த்திருக்கிறான். 'அசிங்கம்' என்பவன் தன் மனத்தைச் சொல்கிறான், எஞ்சினைச் சொல்லவில்லை. 'பிஸ்கட் டப்பா' என்பவனோ, பொறியாளர் எந்த இடத்தில் மரபை மீறினாரோ அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டான். உறை கொதிகலனை ஒட்டாமல் தனியே நிற்கிறது என்ற எந்திர உண்மை, அவனுக்குத் தெரியாமலே அந்தப் பெயருக்குள் இருக்கிறது. 'எலும்பு' என்ற பெயரும் அப்படியே. உடல் ஒடுங்கியதற்குக் காரணம், பழுது பார்ப்போர் வெளிப்புறத்து நடைவழியில் நின்று கதவுகளைத் திறந்து எதனையும் எட்டலாம் என்ற வசதி. அந்த வசதியைத்தான் ரசிகன் எலும்பென்று கண்டான். காரணத்தை அவன் அறியான், காரணத்தின் சுவடு மட்டும் அவன் கண்ணில் பட்டது.

ஆனால் எல்லாப் பெயரும் இவ்வளவு தெளிந்த கண்ணிலிருந்து பிறந்தவை அல்ல. 66ஆம் வகுப்பின் கதைக்கு வருகிறேன். இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

பிரிட்டிஷ் ரயில்வேயின் சரக்குப் போக்குவரத்து தனியார் கைக்குப் போனபின், இ.டபிள்யு.எஸ். என்ற நிறுவனம் 250 டீசல் எஞ்சின்களை ஒரே மூச்சில் வாங்க முடிவு செய்தது. கனடாவின் லண்டன் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை அவற்றைக் கட்டியது. 1998இல் முதல் எஞ்சின் கப்பலில் வந்து இறங்கிற்று. சரிந்த கூரை, வரிவரியாய் மடிப்பு விழுந்த பக்கங்கள். ஆங்கிலேயரின் வீட்டுத் தோட்ட மூலையில் மண்வெட்டியும் புல்வெட்டும் கருவியும் போட்டு வைக்கும் கொட்டகை ஒன்று இருக்கும். ரசிகர்களுக்கு அது நினைவு வந்தது. 'கொட்டகை' என்றே பெயர் வைத்தார்கள். கூரை சரிந்ததற்கு அந்நாட்டின் பழைய பாலங்களும் சுரங்கங்களும் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குறுக்கிக் கட்டிய வளைவுகளுக்குள் நுழைய வேண்டிய எஞ்சின், தோளைச் சாய்க்காமல் முடியாது. இதுவரையில் மெய்யுவமை.

ஆனால் அதே எஞ்சினுக்கு இன்னொரு பெயரும் வந்தது: 'செஞ்சாவு'. அந்நிறுவனத்தின் எஞ்சின்கள் கருஞ்சிவப்பு வண்ணம் பூசியவை. அவை வந்த இடமெல்லாம், முப்பது நாற்பது ஆண்டு ஓடிய பழைய வகை எஞ்சின்கள் ஒவ்வொன்றாய் வேலையிழந்து உடைப்பாரின் முற்றத்துக்குப் போயின. முன்பு ஒரு நாள் மேடையில் நின்றால் ஐந்தாறு வகை எஞ்சின்களைப் பார்க்கலாம், ஐந்தாறு விதமான ஓசை கேட்கலாம். இனி எது வந்தாலும் கொட்டகை. அப்பெயரில் உருவுவமை இருக்கிறது, ஆனால் அங்கே நாம் கேட்பது ஒப்பாரி. எஞ்சினின் தோற்றத்தைப் பழிப்பதாகத் தொடங்கிய பேச்சில், அவர்கள் உண்மையில் அழுதது போனவற்றுக்காக. வந்தவனின் மூக்கு கோணல் என்று சொல்வது, போனவனை மறக்க முடியவில்லை என்பதைச் சொல்ல ஒரு வழி.

இவ்விரண்டையும் பிரித்தறியாத விமர்சனத்தை நாமும் நிறையக் கண்டிருக்கிறோம். புதுக்கவிதை வந்தபோது எழுந்த வசைகளில் எவை 'பிஸ்கட் டப்பா' வகை, எவை 'செஞ்சாவு' வகை என்று யாரேனும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், நல்லதோர் ஆய்வாக அமையும். முதல் வகை வசையிலிருந்து கவிஞன் தன் கவிதையைப் பற்றி ஏதேனும் கற்றுக்கொள்ள முடியும். இரண்டாம் வகைக்கு விடை சொல்ல முற்படுவது வீண். துக்க வீட்டில் வாதம் செய்வார் உண்டோ?

மேடையிலிருந்து பார்ப்பவனின் கண்ணுக்கு எட்டாத ஒன்றும் உண்டு. கொட்டகைக்குள் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர், கூரையின் சரிவைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அறையில் இரைச்சல் அதிகம், கோடையில் புழுக்கம் தாளவில்லை என்பதே அவர்களின் முறையீடு. பின்னாளில் பல எஞ்சின்களுக்குக் குளிர்சாதனம் பொருத்த நேர்ந்தது. கியூ1 கதையும் இதுவே. ரசிகர்கள் அதன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, தொடர் பிரேக் இல்லாத சரக்கு வண்டியை இறக்கத்தில் நிறுத்த இந்த இலகுவான எஞ்சினுக்குப் போதிய பிடிப்பில்லை என்பது தொழிலாளர்க்குத் தெரிந்திருந்தது. எதனைக் குறைத்ததால் அது வலிமை பெற்றதோ, அதனாலேயே நிற்கவும் தடுமாறியது. இந்தக் குறையைச் சுட்டும் பட்டப்பெயர் எதுவும் பரவலாய் நிலைக்கவில்லை. பெயர் வைக்கும் உரிமை பார்வையாளரிடம் இருந்துவிட்டது. இதனை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன்.

2009 நவம்பரில் வேல்ஸின் நியூபோர்ட் துறைமுகத்தில் 70ஆம் வகுப்பு எஞ்சின்கள் வந்திறங்கின. அமெரிக்காவின் ஈரி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் கட்டியவை; 129 டன் எடை, ஏறக்குறைய 3,700 குதிரைத்திறன். ரசிகர் உலகம் மீண்டும் ஒருமுறை தலையில் அடித்துக்கொண்டது. முகம் பிடிக்கவில்லை, முதுகு பிடிக்கவில்லை, அகன்ற அறைக்குப் பின்னே உடல் ஒடுங்கிக் கூனிக் கிடப்பது சிறிதும் பிடிக்கவில்லை. இந்த ஒடுங்கிய உடலும் வெளிப்புற நடைவழியும் 26 ஆண்டுகளுக்கு முன் 'எலும்பு' எஞ்சினில் வந்தவைதாம். அந்த எலும்பு எஞ்சின்களை 2002இல் தாய்நாட்டுப் பணியிலிருந்து விலக்கியபோது, அவற்றுள் சிலவற்றையேனும் காப்பாற்ற வேண்டுமென்று பணம் திரட்டியவர்களும் ரசிகர்களே. ஏழாண்டு கழித்து அதே உடலமைப்பைக் கண்டு அதே கூட்டம் சிரிக்கிறது. இதில் முரண்பாடு காண்போர் காணட்டும். எனக்கென்னவோ, வெறும் பழக்கம் செய்யும் வேலையை அழகுணர்ச்சி செய்வதாக நாம் எண்ணிக்கொள்கிறோமோ என்ற ஐயம் அங்கே வலுக்கிறது.

66ஆம் வகுப்பில் பிரிட்டனுக்கென்று கட்டிய கடைசி எஞ்சின் 66779. 2016 மே மாதத்தில் யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் அதற்குப் பெயர் சூட்டினார்கள். பிரிட்டிஷ் ரயில்வேக்கென்று கட்டிய கடைசி நீராவி எஞ்சினுக்கு 1960இல் ஸ்விண்டனில் சூட்டிய அதே பெயர்: 'ஈவினிங் ஸ்டார்', அந்தி விண்மீன். அதே அடர்பச்சை வண்ணத்தையும் பூசினார்கள். அந்த நீராவி எஞ்சினும் சரக்கு இழுக்கப் பிறந்ததுதான். பத்து இயக்கு சக்கரங்கள் கொண்ட 9எஃப் வகை. இன்று அதனை அழகின் இலக்கணமாய்ப் போற்றுவோர் பலர். அவ்வகை 1954இல் வந்தபோது உயர்ந்த கொதிகலனையும் அடியில் தெரிந்த வெளியையும் பார்த்த அக்காலத்து ரசிகர்கள் 'விண்கலம்' என்று அழைத்தார்கள். கியூ1 வகையில் முதலாவதாய்ப் பிறந்த சி1 எஞ்சினும் அதே அருங்காட்சியகத்தின் உடைமை. 40இல் எஞ்சியது அது ஒன்றே. பிஸ்கட் டப்பா என்ற பெயரும் கூடவே எஞ்சியிருக்கிறது. இப்போது அதைச் சொல்கிறவர்கள் செல்லமாய்ச் சொல்கிறார்கள்.