ஆம்பியரும் வீட்டுக் கணக்குதான்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கி குமாஸ்தா வேலை. மின்சாரம் எனக்குப் பொழுதுபோக்கு. ஆகவே கணக்கு எழுதுகிறவன் பாஷையிலேயே சொல்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணம் மொத்தத்தை மட்டுமே சொல்கிறது. எந்தப் பிளக்கில் எவ்வளவு ஆம்பியர் போகிறது என்ற தனிப் பதிவு அதில் இல்லை. பிளக் பாயிண்ட் தாங்குவதற்கு மேல் மின்னோட்டம் போனாலும் பில்லில் தெரியாது. அதை உயிருள்ள கம்பியைத் தொடாமலே அறிய ஓர் எளிய சர்க்யூட் இருக்கிறது.

தேவையானவை மூன்றே. ஒன்று, வாய் திறந்து ஒயரைக் கவ்விக்கொள்ளும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர், சுருக்கமாக சிடி. அதன் மேல் '100 ஆம்பியர், 50 மில்லிஆம்பியர்' என்ற அளவு இருக்க வேண்டும். இரண்டு, 10 ஓம் ரெசிஸ்டர் இரண்டு. மூன்று, ஏசி மில்லிவோல்ட் அளக்கும் மல்டிமீட்டர். மலிவான மீட்டர்கள் பலவற்றில் ஏசி அளவு 200 வோல்ட்டில்தான் தொடங்கும், அவை உதவாது. கேட்டு வாங்குங்கள்.

நம் வீட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று திசை மாறுகிறது. ஒயரைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் கூடவே மாறுவதால், சிடிக்குள் இருக்கும் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அளவு 2000-க்கு ஒன்று. ஒயரில் 1 ஆம்பியர் போனால் சுருளில் அரை மில்லிஆம்பியர். இரண்டு ரெசிஸ்டரையும் தொடராக இணைத்தால் 20 ஓம். அதைச் சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே பற்றவைத்தால், 1 ஆம்பியருக்கு 10 மில்லிவோல்ட் கிடைக்கும். மீட்டர் காட்டுவதைப் பத்தால் வகுத்தால் ஆம்பியர். அவ்வளவுதான் கணக்கு.

ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் மீட்டர் பூஜ்யம் காட்டும். வரவும் செலவும் சரிக்குச் சரி கழிந்துவிடும். ஒரு ஒயரை மட்டுமே கவ்வ வேண்டும். அதற்காக வீட்டு ஒயரை யாரும் பிரிக்க வேண்டாம். பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஃபேஸ் ஒயர், அதன் இன்சுலேஷன் கெடாமல், தனியாக ஓடும்படி ஓர் எக்ஸ்டென்ஷன் போர்டை எலக்ட்ரீஷியனிடம் செய்து வாங்குங்கள். ரெசிஸ்டர் இணைக்காத சிடியை மின்சாரம் ஓடும் ஒயரில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அதன் முனைகளில் ஆபத்தான வோல்டேஜ் எழும்பலாம்.

சரிபார்க்க, 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போடுங்கள். 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியர், மீட்டரில் 43 மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும். செட்டாப் பாக்ஸ் போன்ற சின்னச் சாதனமென்றால், ஃபேஸ் ஒயரை சிடியின் துளை வழியே பத்துச் சுற்று விடுங்கள். பத்து மடங்கு காட்டும். மறுபடி பத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் போட்டு, 1500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பையும் இந்த இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்து ஓட்டினால் ஏறக்குறைய 11 ஆம்பியர். அந்த லைனில் இருக்கும் 10 ஆம்பியர் எம்சிபி இதற்கு விழுமா? ஒரு மணி நேரம்கூட விழாமல் இருக்கலாம். சற்றே கூடுதலான சுமையை அது அவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்ளும்படியே செய்யப்பட்டிருக்கிறது. அதற்குள் பிளக்கும் சாக்கெட்டும் சூடேறி உருகத் தொடங்கலாம். 'எம்சிபி விழவில்லையே' என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

வீட்டில் பெரிய சாதனம் ஒவ்வொன்றுக்கும் ஆம்பியர் அளந்து, ஒரு நோட்டில் எழுதுங்கள். எது எந்தப் பாயிண்டில் என்று எதிரே குறியுங்கள். 6-ஐத் தாண்டும் வரி எதுவோ, அதை இன்றே 16 ஆம்பியர் பாயிண்டுக்கு மாற்றுங்கள்.

நான் செய்த பெட்டியைச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு எடுத்துப்போய், அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.