எய்யாத அம்பு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்வாண்டு விழாவில் தமிழர் வேட்டையைப் பற்றிப் பேசுக என்று செயலாளர் அவர்கள் பணித்தபொழுது யாம் சற்றே திகைத்தோம். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மனோர் அறிந்த வேட்டை, வாடகை அறை வேட்டையும் காலை மின்தொடரில் இருக்கை வேட்டையுமேயன்றோ? ஆயினும், மேடையேறி மறுப்பது முறையன்று என்பதால் ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொண்ட பின்னர்தான், இப்பொருளைப் பற்றி எமக்குச் சொல்ல ஒரு செய்தி உண்டு என்பதும், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதனை எவரிடமும் சொல்லாதிருந்தோம் என்பதும் நினைவுக்கு வந்தன.

எம் தாய்மாமன் பொதிகை மலையடிவாரத்தில், பாபநாசத்தை அடுத்த சிற்றூரில் உழவுத் தொழில் செய்தவர். பன்றிகளிடமிருந்து பயிரைக் காக்க அவரிடம் ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. வேட்டைக்கு உரிமச் சீட்டு வழங்கப்பெற்ற காலம் அது. மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் வேட்டைக்காரர் நால்வர் கூடினால், சுட்டு வீழ்த்திய மானைப் பற்றிய பேச்சு ஒரு நொடியில் முடிந்துவிடும். தப்பிப்போன மானைப் பற்றிய பேச்சோ நள்ளிரவு வரை நீளும். “அந்த ஒரு கணம் பொறுத்திருந்தால்” என்பார் ஒருவர். “அந்த ஒரு கணம் முந்தியிருந்தால்” என்பார் மற்றொருவர். உண்டு செரித்த இறைச்சியை எவர் நினைப்பார்? கைவிட்டுப்போன மானுக்கோ ஆண்டுதோறும் கொம்பு ஒரு சாண் வளர்ந்துகொண்டே இருக்கும்.

வேட்டையில் கண்ணும் கையும் பெரியவை என்று நாம் எண்ணுகிறோம். அவற்றைப் பயிற்சியால் பெற்றுவிடலாம். கண்ணுக்கும் கைக்கும் இடையில் ஒரு தீர்ப்பு இருக்கிறதே, அதுதான் அரிது. மான் எப்பொழுதும் ஐயத்தோடு வாழும் விலங்கு. காற்று நம் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால், நாம் அதனைக் காணுமுன் அது நம்மை முகர்ந்து அறிந்துவிடும். அதனால்தான் வேடன் ஒரு சிட்டிகை மண்ணை விரலிடையே உதிர்த்துக் காற்றின் போக்கைப் பார்த்த பின்னரே காலெடுத்து வைப்பான். அத்துணை எச்சரிக்கையாய்ச் சென்றும், மரங்களின் இடைவெளியில் மான் முழு உருவோடு நிற்பது மூன்று நொடியோ நான்கு நொடியோதான். அதற்குள் முடிவு செய்ய வேண்டுவன பல. கலையா, பிணையா? குட்டி உண்டா? தொலைவு எத்துணை? பக்கவாட்டில் நிற்கிறதா, நேர்முகமாக நிற்கிறதா? முன்சப்பைக்குப் பின்னே ஒரு சாண் இடத்தில் குண்டு பாய்ந்தால் விலங்கு விரைவில் விழும். சற்றே பின்தள்ளி வயிற்றில் பாய்ந்தால், அது சாவதற்கு ஓரிரவும் ஆகலாம்.

1957-ஆம் ஆண்டு, தை மாதம். அப்பொழுது எமக்குப் பதின்மூன்று வயது. பள்ளி விடுமுறையில் மாமனோடு முதன்முறையாகக் காட்டுக்குச் சென்றோம். பகல் முழுதும் ஒன்றும் அகப்படவில்லை. வெறுங்கையோடு திரும்பும் வழியில், ஞாயிறு மலைக்குப் பின் மறைந்த வேளையில், ஓடைக் கரையில் ஒரு மிளா நின்றது. நூலோர் கடமான் என்பதனை எங்கள் பக்கத்தில் மிளா என்பர். தலையில் கொம்பு தெரியவில்லை. ஆனால் உடலோ பெரிது. கொம்பு உதிர்த்த ஆண் என்று மாமன் எண்ணினார். அவ்வாறு எண்ணியதில் தவறில்லை. கடமானும் புள்ளிமானும் கொம்பை உதிர்த்து மீண்டும் முளைக்கவிடும் இனத்தவை. இடைப்பட்ட காலத்தில் ஆணும் பெண்ணும் மங்கிய ஒளியில் ஒன்றுபோலவே தோன்றும். இருள் கவிந்துகொண்டிருந்தது. மருமகன் முதன்முதலாக உடன் வந்திருக்கிறான். வெறுங்கையோடு ஊருக்குள் நுழைவது எப்படி? மாமன் சுட்டுவிட்டார்.

மிளா விழவில்லை. ஒருமுறை முதுகை வளைத்துக் குனிந்து, பின்னர்ப் புதருக்குள் பாய்ந்தது. அது நின்ற இடத்துக்கு அப்பால் அதன் கன்று நின்றுகொண்டிருந்ததை அப்பொழுதுதான் கண்டோம். மாமன் இலைமேல் படிந்த குருதியை விரலில் தொட்டுப் பார்த்தார். நுரையோடு கூடிய செங்குருதியாக இருந்தால் நுரையீரலில் பட்டது என்று பொருள். இதுவோ கருத்து, அரைத்த புல்லின் துணுக்குகளோடு இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. உடனே துரத்தினால் காயம்பட்ட விலங்கு நெடுந்தொலைவு ஓடிவிடும் என்பதால் விடியும்வரை அங்கேயே அமர்ந்திருந்தோம். இரவில் இருமுறை அக்கன்று கத்தியது. விடிந்த பின் நண்பகல் வரை குருதிச் சுவட்டைத் தொடர்ந்தோம். ஆற்றுப் பாறையில் சுவடு அற்றுவிட்டது. தாயும் கிடைக்கவில்லை, கன்றும் கிடைக்கவில்லை.

பிற்காலத்தில் தொல்காப்பியத்தின் மரபியலைப் பாடங்கேட்டபொழுது எமக்கு அந்த ஓடைக் கரைதான் நினைவில் வந்தது. விலங்கின் ஆணுக்கு இன்ன பெயர், பெண்ணுக்கு இன்ன பெயர், இளமைக்கு இன்ன பெயர் என்று ஆசிரியர் வகுத்துக்கொண்டே செல்வார். உழை, நவ்வி, புல்வாய் என மானினத்துள்ளும் வேறுபாடு காட்டி, பெண்ணைப் பிணை என்றும் குட்டியை மறி என்றும் குறிப்பார். உழையின் ஆணுக்குக் கலை என்னும் பெயர் உரியது என்பார். உடன் பயின்றோர்க்கு அது மனப்பாடச் சுமை. இச்சொற்கள் ஏட்டில் பிறந்தவையல்ல, வில்லை வளைத்துக்கொண்டு பிணையா, கலையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்த மாந்தரிடையே பிறந்தவை என்பது எம் துணிபு. புலவர் பெருமக்கள் இதனை மறுக்கலாம்.

வேட்டையென்றதும் நம் மேடைகளில் இருவரை அழைத்துவருவது வழக்கம். ஒருவர் கொல்லிமலைத் தலைவர் வல்வில் ஓரி. யானையை வீழ்த்திப் புலியை ஊடுருவி, மானை உருட்டிப் பன்றியைச் சாய்த்து, உடும்பிற் சென்று தைத்தது அவரது ஓர் அம்பு என்று வன்பரணர் புறநானூற்றில் பாடுகிறார். அவருடைய வில்லாற்றலுக்கு யாமும் தலைவணங்குகிறோம். ஆனால் அந்த ஐந்தனுள் அவர் வேண்டியது எது? யானையைக் குறிவைத்தவர்க்கு அதன் பின்னே நின்ற மான் தெரிந்திருக்குமா? அதே பாட்டில் எமக்குப் பிடித்த இடம் வேறு. வழியில் கண்ட பாணர் கூட்டத்துக்கு மான் தசையை ஊட்டி, மலையில் விளைந்த மணியும் தந்துவிட்டு, தம் பெயரைச் சொல்லாமலே போய்விடுகிறார் அவ்வேட்டுவர். வேட்டையைப் பற்றி வாயே திறவாத வேட்டைக்காரர் ஒருவர் இருந்தார் என்பது அம்பின் வியப்பினும் பெரிய வியப்பன்றோ?

மற்றவர் திருவள்ளுவர். முயலைக் கொன்ற அம்பினும் யானைமேல் எறிந்து தவறிய வேலே ஏந்துதற்கு இனியது என்று படைச்செருக்கில் அவர் கூறியதனைச் சொல்லாத வேட்டைக்காரர் எம் ஊரில் இல்லை. குறி தவறியவர்க்கெல்லாம் அது நல்ல மருந்து. ஆனால் வள்ளுவர் பேசியது போர்க்களத்து மறவனுடைய உள்ளத்தின் உயரத்தைப் பற்றி. வயிற்றில் குண்டோடு காட்டுக்குள் ஓடிய மிளாவுக்கு அக்குறளால் ஆறுதல் இல்லை.

இராமகாதையையும் இக்கண்கொண்டு பார்க்கலாம். தசரதர் இருளில், குடத்தில் நீர் நிறையும் ஒலியைக் கேட்டு, யானை நீர் குடிக்கிறது என்று முடிவு செய்து எய்தார். விழுந்தவன் பார்வையற்ற பெற்றோரின் ஒரே மகன். அவர் மகன் இராமனோ பட்டப்பகலில், கண்ணெதிரே நின்ற பொன்மானைப் பின்தொடர்ந்தான். இப்படியொரு மான் உலகில் இல்லை என்று தம்பி தடுத்தான். உலகத்து உயிர்வகை அனைத்தையும் அறிந்தவர் எவர் என்று அண்ணன் விடையிறுத்ததாகக் கம்பர் காட்டுகிறார். தந்தை காணாமல் எய்து கெட்டார். மகன் கண்டதை நம்பிச் சென்று துயருற்றான். மகாபாரதத்துப் பாண்டுவும் கலையும் பிணையும் கூடியிருந்த வேளையில் அம்பு விட்டுச் சாபம் ஏற்றார். காளிதாசரின் துஷ்யந்தன் ஒருவனே தப்பினான். ஆசிரமத்து மான் இது, கொல்லாதே என்று துறவியர் கை உயர்த்தியவுடன், நாணில் ஏற்றிய அம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டான். அம்பைத் திரும்ப எடுத்த பின்னர்தான் அந்த நாடகமே தொடங்குகிறது.

நாம் வாழும் இந்நகரின் பக்கத்திலேயே இதற்கொரு கல்லெழுத்துச் சான்று கிடைத்தது. மின்தொடரில் விரார் நோக்கிச் செல்வோர் நாலாசோபாராவைக் கடந்திருப்பர். அப்பழந்துறைமுகத்தில் 1882-ஆம் ஆண்டு அறிஞர் பகவான்லால் இந்திரஜி, அசோகரின் எட்டாம் பெரும்பாறைக் கட்டளையின் துண்டு ஒன்றைக் கண்டெடுத்தார். முன்னாளில் அரசர்கள் வேட்டை முதலிய இன்பங்களுக்காக உலாச் சென்றனர், இவ்வரசரோ அறத்தைத் தேடி உலாச் செல்கின்றார் என்பது அக்கட்டளையின் பொருள். முதற் கட்டளை இன்னும் சுவையானது. அதனைக் கிர்நார்ப் பாறையில் காணலாம். அரண்மனை மடைப்பள்ளியில் நாள்தோறும் பல்லாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டது போய், இப்பொழுது இரண்டு மயிலும் ஒரு மானுமே கொல்லப்படுகின்றன, அந்த மானும் எப்பொழுதும் இல்லை, இனி இவையும் கொல்லப்படா என்கிறது அது. ‘அந்த மானும் எப்பொழுதும் இல்லை’ என்பதனை ஒரு பேரரசர் கல்லில் வெட்டச் சொன்னாரே! விட மனமின்றி விட்டதனை மறைக்காமல் ஒப்புக்கொள்ளும் அக்குரல் எமக்கு எம் மாமன் குரலாகவே கேட்கும்.

மாமன் அந்தத் தை மாதத்துக்குப் பிறகு அந்தியில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. வேட்டையை விட்டுவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் அத்தகைய துறவியல்லர். 1960-ஆம் ஆண்டில் மீண்டும் அவரோடு சென்றோம். ஊரார் இருவரும் உடன் வந்தனர். விடியற்காலை. காற்று எங்கள் முகத்தில் வீசியது. நாற்பது கஜத் தொலைவில், மூங்கிற் புதரை ஒட்டி, முழுக் கொம்போடு ஓர் ஆண் மிளா பக்கவாட்டில் நின்றது. அத்தகைய வாய்ப்பு ஒரு வேட்டைக்காரன் வாழ்நாளில் இருமுறை வாய்ப்பதே அரிது. மாமன் துப்பாக்கியை உயர்த்தினார். விரல் விசைமேல் இருந்தது. யாம் மூச்சை அடக்கிக்கொண்டோம். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணும் அளவு நேரம் கழிந்தது. மிளா முன்காலை ஒருமுறை தரையில் தட்டியது, பின்னர் மறைந்துவிட்டது. மாமன் துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

உடன் வந்தவர்கள் பொறுக்கவில்லை. கை நடுங்கிவிட்டதா, கண் மங்கிவிட்டதா என்று கேட்டனர்.

“மூங்கிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. காணிக்காரர் தேனெடுக்கப் போகும் வழி அது” என்றார் மாமன்.

சென்று பார்த்தோம். அங்கே ஒருவரும் இல்லை. காலடித் தடமும் இல்லை. மிளா மிதித்த புல்தான் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. ஊர் திரும்பும் வரை அவ்விருவரும் சிரித்துக்கொண்டே வந்தனர். அன்று யாமும் மனத்துக்குள் மாமனைக் குறைகூறினோம் என்பதை இம்மேடையில் ஒப்புக்கொள்கிறோம். அங்கே ஒருவர் இருந்திருந்தால் மாமன் ஊருக்குத் தெய்வமாகியிருப்பார். ஒருவரும் இல்லாமையால் ஊர் வாய்க்கு அவலானார். திண்ணைப் பேச்சில் அவரை மடக்க அந்த மிளா ஒன்றே பிறர்க்குப் போதுமானதாயிற்று. அவரோ ஒருநாளும் மறுமொழி சொன்னதில்லை.

பின்னர் 1962-இல் முண்டந்துறைக் காடு புலிகள் சரணாலயமாயிற்று. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம், எஞ்சியிருந்த வேட்டை உரிமச் சீட்டு முறையையும் அகற்றிவிட்டது. அதற்கு நெடுநாள் முன்னரே மாமன் தம் துப்பாக்கியை எண்ணெயிட்டுத் துடைத்து, துணியில் சுற்றிக் கொண்டுசென்று காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார்.

யாம் பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்து, தாராவியில் பத்தாண்டும் பின்னர் மாதுங்காவிலும் வாழ்ந்து வந்தோம். 1984-ஆம் ஆண்டு மாமன் எம் இல்லத்துக்கு வந்தார். கடலைக் காட்டினோம்; அவர் வியக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போரிவிலிக் காட்டுக்கு அழைத்துச் சென்றோம். கன்ஹேரிக் குகைக்குச் செல்லும் சாலையில், மரநிழலில், ஒரு புள்ளிமான் கலை பக்கவாட்டில் நின்றது. முப்பது கஜம் இருக்கும். எழுபதைக் கடந்த மாமன் நடையை நிறுத்தினார். குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலிடையே உதிர்த்தார். அது எங்கள் முதுகுப்புறமிருந்து மானை நோக்கிப் பறந்தது.

“அது நம்மை முன்னமே அறிந்துவிட்டது, மருமகனே” என்றார்.

ஆயினும் மான் போகவில்லை. அது தானாகப் புல்லை மேய்ந்தவாறே மரங்களுக்குள் செல்லும்வரை, கையில் ஒட்டிய மண்ணைத் துடைக்காமல் மாமன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.