விமானியின் மனச்சுமை



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். கோவிட்-19 கிருமிக்கு அஞ்சி ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. பள்ளிக்கூடம் இல்லை, கோயில் திருவிழா இல்லை. தலைக்கு மேலே கேட்டுப் பழகிய விமானச் சத்தமும் குறைந்துபோயிற்று. அந்த விமானங்களை ஓட்டியவர்களின் மனம் அந்நாட்களில் என்ன பாடுபட்டது என்பதைப் பற்றி இன்று சற்றுப் பேசுவோம்.

"விமானிக்கு என்ன குறை? மாதம் ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கிறவருடைய கவலையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பதில் தவறில்லை. ஆனால், மனச்சோர்வு என்பது சம்பளச் சீட்டைப் பார்த்து வரும் நோயன்று. விமானிகள் அதை மறைத்த விதத்தையும், மறைக்க நேர்ந்த காரணத்தையும் கேட்டால், இது நம் வீட்டுக் கதைதானே என்று உங்களுக்கே தோன்றும்.

2019ஆம் ஆண்டில் உலகமெங்கும் விமானத்தில் சென்ற பயணிகள் ஏறத்தாழ 450 கோடி. மறு ஆண்டில் அது 180 கோடியாகச் சரிந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன்னிடமும் துணை நிறுவனத்திடமும் இருந்த 147 விமானங்களில் 138ஐத் தரையில் நிறுத்தப்போவதாக 2020 மார்ச் மாதத்தில் அறிவித்தது. நிறுத்தி வைக்க இடம் போதாமல், சில விமானங்கள் ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற வறண்ட ஊருக்குக் கொண்டு போகப்பட்டன.

விமானம் நின்றால் விமானியும் நிற்க வேண்டியதுதான். பால்மரம் நனைந்திருந்தால் வெட்டு இல்லை என்பது நமக்குத் தெரியும். வெட்டு இல்லாத நாளில் வீட்டுத் தலைவர் வாசற்படியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்த முகத்தை நினைத்துப் பாருங்கள். மழை இரண்டு நாளில் விடும் என்ற நம்பிக்கையாவது அவருக்கு உண்டு. விமானிக்கோ, மழை எப்போது விடும் என்று சொல்ல ஆளே இல்லை. பல நிறுவனங்களில் விமானியின் வருமானத்தில் ஒரு பெரும்பகுதி, அவர் பறக்கும் மணிக்கணக்கைப் பொறுத்தது. பறக்காவிட்டால் அது இல்லை. பயிற்சிக்காக வாங்கிய சில இலட்சம் வெள்ளிக் கடனோ வட்டியோடு வளரும். சிலாங்கூரில் வேலை இழந்த விமானி ஒருவர், தம் வெள்ளைச் சீருடையை அணிந்துகொண்டே உணவுக்கடை நடத்தினார். அவர் சமாளித்துக்கொண்டார். எல்லாருக்கும் அந்தத் துணிவு வந்துவிடுவதில்லை.

இன்னொரு கவலையும் அவர்களை அரித்தது. பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானி 90 நாட்களுக்குள் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அசல் விமான அறையைப் போலவே தரையில் அமைத்த பயிற்சிப் பொறியிலும் அதைச் செய்யலாம். ஆனால் ஊரடங்கில் அதற்கும் போட்டி. கத்தியை மூன்று மாதம் தொடாமல், திடீரென்று ஒருநாள் பட்டை காயப்படாமல் வெட்டு என்றால் கை தயங்காதா? அவர்கள் பின்னால் இருப்பதோ முந்நூறு உயிர்.

வேலை இருந்தவர்களும் சுகமாக இல்லை. ஹாங்காங்கில் நடந்ததைச் சொல்லுகிறோம். அங்கே 2021ஆம் ஆண்டில் வெளிநாடு சென்று திரும்பிய விமானிகள் விடுதி அறையில் 14 நாள் தனித்திருக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஆகவே, சிலருக்கு வேலைமுறையே இப்படி அமைந்தது: சுமார் மூன்று வாரம் பறப்பது, பிறகு இரண்டு வாரம் அறைக்குள் அடைபடுவது, அதன் பிறகே இரண்டு வாரம் வீடு. வெளியூரில் இறங்கினாலும் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. சாப்பாடு கதவருகே வரும். இப்படி மாதக்கணக்கில். அதே ஆண்டு நவம்பரில், ஜெர்மனியில் தங்கித் திரும்பிய சரக்கு விமானிகள் சிலருக்குத் தொற்று கண்டது. அவர்களில் ஒருவருடைய பிள்ளை படித்த பள்ளியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் அரசாங்கத் தனிமை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். "உன் அப்பாவால்தான்" என்று ஒரு குழந்தையைப் பார்த்து மற்றக் குழந்தைகள் சொன்னால், அந்தத் தகப்பன் இரவில் தூங்குவாரா?

இத்தனை பாரத்தையும் ஒருவர் மருத்துவரிடம் சொல்லி அழலாமே என்று நாம் எண்ணுவோம். அங்கேதான் முடிச்சு இருக்கிறது. விமானியின் பிழைப்பு ஓட்டும் உரிமத்தில் மட்டும் இல்லை. மருத்துவச் சான்றிலும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைப் புதுப்பிக்க வேண்டும். மனம் சரியில்லை என்று வாய் திறந்தால், சான்று நிறுத்தப்படலாம். சான்று போனால் சோறு போயிற்று. கையொடிந்தால் சொல்லுவார், தூக்கம் போனால் சொல்லமாட்டார்.

பெருந்தொற்றுக்கு முன்பே நிலைமை இதுதான். 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெயரைக் கேட்காமல் விமானிகளிடம் கேள்விகள் கேட்டு வாங்கிய விடைகளை வெளியிட்டார்கள். விடையளித்த சுமார் 1,850 பேரில் 12.6 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. நூற்றுக்கு நான்கு பேர், கடந்த இரண்டு வாரத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். பெயரைக் கேட்காததால்தான் இவ்வளவும் வெளிவந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறைத்து வைத்த நோயால் நேர்ந்த பெருந்துயரம் ஒன்றும் உண்டு. 2015ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் ஜெர்மன் விமானம் ஒன்று மோதி, உள்ளே இருந்த 150 பேரும் மாண்டனர். துணை விமானி வேண்டுமென்றே செய்தது அது. அவரை வேலைக்குத் தகுதியற்றவர் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். அவரோ அதை நிறுவனத்திடம் காட்டவில்லை. இதைக் கேட்டு, மனநோயாளிகள் எல்லாரும் ஆபத்தானவர்கள் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறருக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. தமக்குள்ளேயே வெந்து கிடக்கிறார்கள்.

அந்த விபத்துக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகள் ஒரு நல்ல வழி கண்டன. ஒவ்வொரு விமான நிறுவனமும் தன் விமானிகளுக்கு ஒரு துணைக்குழு ஏற்படுத்தித் தர வேண்டும் என்று 2018இல் விதி செய்தார்கள். பெருந்தொற்றால் சற்றுத் தாமதித்து 2021 பிப்ரவரியில் அது நடப்புக்கு வந்தது. அதன் சிறப்பு என்னவென்றால், மனம் கலங்கிய விமானி முதலில் பேசுவது மேலதிகாரியிடம் அல்ல. அதே வேலையைச் செய்கிற, கேட்பதற்குப் பயிற்சி பெற்ற மற்றொரு விமானியிடம். பயணிகளுக்கு ஆபத்து என்ற நிலை இருந்தாலன்றி, சொன்னது வெளியே போகாது. மருத்துவம் பார்த்துக்கொண்டு வேலைக்குத் திரும்புவதே குறிக்கோள். அமெரிக்காவிலும் 2010 முதல், மனச்சோர்வுக்கான சில மருந்துகளை உட்கொண்டு உடல்நிலை நிலைத்தவர்கள், தனி அனுமதி பெற்றுப் பறக்கலாம். இன்னும் அச்சம் போகவில்லை என்பதால், 2024 ஏப்ரலில் அங்கே ஒரு குழு 24 பரிந்துரைகளைக் கொடுத்தது.

தண்டனை இருக்கும் இடத்தில் நோய் ஒளிந்துகொள்ளும். நம் நாட்டிலேயே பாருங்கள். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைச் சிறைக்கு அனுப்பலாம் என்று குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு சொல்லிக்கொண்டிருந்தது. பூச்சி மருந்தைக் குடித்துப் பிழைத்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவே பெற்றோர் அஞ்சும் நிலையைத்தான் அத்தகைய சட்டம் உண்டாக்கும். சிங்கப்பூர் 2020 சனவரியிலும், மலேசியா 2023இலும் அந்தத் தண்டனையை நீக்கிவிட்டன. சட்டம் போய்விட்டது. "பைத்தியம்" என்று ஏசுகிற நாக்கு மட்டும் இன்னும் பல வீடுகளில் போகவில்லை.

ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே! வீட்டில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகத் தூங்காமல், சாப்பாட்டில் நாட்டமின்றி, பிடித்த வேலையிலும் மனம் செல்லாமல் இருந்தால், "சோம்பேறி" என்றோ "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்றோ தள்ளிவிடாதீர்கள். ஆண்பிள்ளைகள் இதை வாய்விட்டுச் சொல்வது அரிது. கோபமாகவும் குடியாகவும்தான் வெளியே வரும். தேநீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அறிவுரை பிறகு இருக்கட்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது.

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மலேசியர்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். சர்க்கரை, இரத்தக் கொதிப்புக்குப் போகிற அதே இடத்தில் இதற்கும் மருத்துவரைப் பார்க்கலாம். போக முடியாதவர்களுக்குச் சுகாதார அமைச்சின் மனநலத் தொலைபேசி எண் இருக்கிறது: 15555. ஒன்று, அதன் பின் நான்கு ஐந்து. எழுதிக்கொள்ள வசதியாக இன்னொரு முறை சொல்லுகிறோம்: ஒன்று, ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து.