இளமையும் வேகமும்

கிரிக்கெட் ஆட்டத்தில் பலவகைத் திறமைகளுக்கு இடம் உண்டு. மட்டை பிடிப்பவருக்குக் கண்ணும் மணிக்கட்டும் துணை. சுழற் பந்து வீசுபவருக்கு விரல்களும் யுக்தியும் துணை. வேகப் பந்து வீச்சாளருக்கோ அவருடைய உடம்பே ஆயுதம். அந்த ஆயுதமே சில சமயங்களில் அவருக்குப் பகையாகவும் மாறிவிடுகிறது.

இது எவ்வாறு நேருகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நலம். வேகப் பந்து வீச்சாளர் ஓடி வந்து முன்காலை ஊன்றும் கணத்தில், அவருடைய உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தக் காலின் வழியே இடுப்புக்கும் முதுகுக்கும் ஏறுகின்றது. அதே கணத்தில் முதுகு பின்னுக்கு வளைந்து, பக்கவாட்டிலும் சாய்ந்து, முறுக்கிக்கொள்கிறது. ஒரு நாளில் 20 ஓவர்கள் வீசினால் இந்த முறுக்கு 120 முறை நிகழும். இவ்வாறு ஓயாமல் அடிபட்டுக்கொண்டே இருக்கும் கீழ் முதுகெலும்பில் நாளடைவில் மயிரிழை போன்றதொரு வெடிப்பு உண்டாகிவிடுகிறது. இளைஞர்களுக்கு இந்த அபாயம் அதிகம். ஏனெனில், 18 வயதிலேயே கையும் தோளும் வேகத்தை அளித்துவிடுகின்றன. கீழ் முதுகெலும்போ 20 வயதைக் கடந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே முழு உறுதியை அடைகின்றது. கை முந்திவிடுகிறது, எலும்பு பிந்திவிடுகிறது. இளம் வேகப் பந்து வீச்சாளர்கள் பலருடைய துயரம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக ஆஸ்திரேலிய வீரர் பாட்ரிக் கம்மின்ஸின் வாழ்க்கையைக் கூறலாம். அவர் 1993-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் தேதி சிட்னி நகரின் மேற்குப் பகுதியில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் கதவிடுக்கில் சிக்கி, அவருடைய வலக்கை நடுவிரலின் நுனி துண்டாகிவிட்டது. பந்தைப் பிடித்து வீசுவதற்கு இன்றியமையாத விரல் அது. ஆயினும், அந்தக் குறை அவருடைய பந்து வீச்சுக்குத் தடையாக அமையவில்லை.

2011-ஆம் ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியக் கோஷ்டி தென் ஆப்பிரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தது. கேப் டவுன் நகரில் நடந்த முதல் டெஸ்ட் ஆட்டத்தில் அக்கோஷ்டியினர் ஓர் இன்னிங்ஸில் 47 ரன்களுக்கே ஆட்டமிழந்து பெருந்தோல்வி அடைந்தனர். அத்துடன் அனுபவம் மிக்க ரியான் ஹாரிஸும் காயமுற்றார். அவருடைய இடத்தில், முதல் தர ஆட்டங்கள் மூன்றே ஆடியிருந்த கம்மின்ஸ் ஜோஹானஸ்பர்க்கில் களம் இறக்கப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 18. 1953-இல் இயான் கிரெய்க் 17 வயதில் ஆடியதற்குப் பிறகு, ஆஸ்திரேலியாவின் சார்பில் அவ்வளவு இளம் பிராயத்தில் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கியவர் எவரும் இலர்.

அந்த ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் அவர் 79 ரன்கள் கொடுத்து 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆஸ்திரேலியா வெற்றி பெற 310 ரன்கள் தேவையாயிருந்தன. 8 விக்கெட்டுகள் விழுந்துவிட்ட நெருக்கடியான கட்டத்தில் மிச்சல் ஜான்சனுடன் நின்று, இம்ரான் தாஹிரின் பந்தை எல்லைக்கு அடித்து வெற்றி ரன்னை எடுத்தவரும் கம்மின்ஸேதான். ஆட்டநாயகன் பரிசும் அவரையே சேர்ந்தது. முதல் டெஸ்டிலேயே இத்தகைய பெருமை வாய்ப்பது அபூர்வம்.

ஆனால், அடுத்த டெஸ்ட் ஆட்டத்தை அவர் எப்பொழுது ஆடினார் தெரியுமா? 2017-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி. முதல் ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் 1946 நாட்கள் கழிந்திருந்தன!

இடையில் நிகழ்ந்தது என்ன? முதலில் பாதத்தில் காயம். பிறகு 2012-இல் முதுகெலும்பில் வெடிப்பு. 2013-இல் மீண்டும் அதே துன்பம். 2015-இல் மறுபடியும் அதுவே. ஒவ்வொரு முறையும் பல மாத ஓய்வு. பின்னர் மெல்ல மெல்லப் பயிற்சி. உடல் தேறியதென்று எண்ணும் வேளையில் மீண்டும் முறிவு. பிறவி விளையாட்டு வீரர் ஒருவருக்கு இதைவிடக் கடினமான சோதனை இருக்க முடியாது.

இந்தச் சோதனைக் காலத்தில் அவருக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் டென்னிஸ் லில்லி. லில்லிக்கும் இத்துன்பம் புதிதன்று. 1973-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடும்பொழுது அவருடைய முதுகெலும்பிலும் வெடிப்புகள் தோன்றின. உடம்பைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு பல வாரங்களைக் கழித்த அவர், பந்து வீச்சு முறையைச் செப்பனிட்டுக்கொண்டு மீண்டு வந்து, மொத்தம் 355 டெஸ்ட் விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். அந்த அனுபவ ஞானத்தை அவர் தம் நாட்டவருக்கு மட்டும் அளிக்கவில்லை. 1987-இல் சென்னையில் எம்.ஆர்.எப். வேகப் பந்து வீச்சுப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டபொழுது அதற்கு ஆசானாக வந்து, ஏறக்குறைய 25 ஆண்டுகள் இந்திய இளைஞர்களுக்குக் கற்பித்தார் என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி. அதே லில்லி, 2013-இல் கம்மின்ஸின் பந்து வீச்சு முறையை, முதுகின் மீது விழும் பாரம் குறையும்படி திருத்தி அமைக்க உதவினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறந்த ஆசான் கிடைத்த பின்பும், முறை திருத்தப்பட்ட பின்பும், 2015-இல் எலும்பு மீண்டும் பழுதுபட்டது. கல்வியினால் தீராத ஒன்று அதில் இருந்தது. அதைத் தீர்க்க வல்லது காலம் ஒன்றே. அந்தக் காலத்தைக் கம்மின்ஸ் வீணாக்கவில்லை. சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வணிகவியல் பட்டத்துக்குப் படித்தார். உடல் இடங்கொடுத்தபொழுது, குறைந்த ஓவர்கள் வீசினால் போதும் என்ற ஒரு நாள் ஆட்டங்களில் ஆடினார். 2015-இல் உலகக் கோப்பையை வென்ற ஆஸ்திரேலியக் கோஷ்டியில் அவரும் இருந்தார்.

2017-இல் ஆஸ்திரேலியக் கோஷ்டி இந்தியாவுக்கு வந்திருந்தபொழுது மிச்சல் ஸ்டார்க் காயமுற்றதால், கம்மின்ஸ் அவசரமாக வரவழைக்கப்பட்டார். ஜார்க்கண்ட் மாநிலத்தின் ராஞ்சி நகரில் அவருடைய இரண்டாவது டெஸ்ட் நடைபெற்றது. வேகப் பந்துக்குச் சற்றும் உதவாத மந்தமான தரை. புஜாரா 525 பந்துகளைச் சந்தித்து 202 ரன்கள் எடுத்த ஆட்டம் அது. அந்தத் தரையில் கம்மின்ஸ் 39 ஓவர்கள் வீசி, 106 ரன்களுக்கு 4 விக்கெட்டுகளைப் பெற்றார். விராட் கோலியும் அவர் பந்துக்கே இரையானார். விக்கெட்டுகளைக் காட்டிலும் அந்த 39 ஓவர்களே முக்கியம். முதுகு தாங்கியது! அப்பொழுது அவருக்கு 24 வயது நிறைய இரண்டு மாதங்களே இருந்தன.

அதன் பிறகு அவர் திரும்பிப் பார்க்க நேரவில்லை. 2017-18 ஆஷஸ் தொடரின் ஐந்து ஆட்டங்களிலும் ஆடி 23 விக்கெட்டுகள், 2019-இல் இங்கிலாந்தில் மேலும் 29 விக்கெட்டுகள் எடுத்தார். 2021 நவம்பரில் ஆஸ்திரேலிய டெஸ்ட் கோஷ்டியின் காப்டனாக நியமிக்கப்பட்டார். அந்நாட்டின் வேகப் பந்து வீச்சாளர்களுள் அதற்கு முன் டெஸ்டில் தலைமை வகித்தவர் ரே லிண்ட்வால் ஒருவரே. அதுவும் 1956-இல் பம்பாயில் நடந்த ஓர் ஆட்டத்தில் மட்டும். 2023 நவம்பர் 19-ஆம் தேதி ஆமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நாம் எளிதில் மறக்க மாட்டோம். பெருங்கூட்டம் மௌனமாவதைக் கேட்பதில் ஒரு தனி நிறைவு உண்டென்று முதல் நாள் கூறியிருந்தார் கம்மின்ஸ். மறுநாள் ஓர் எல்லை அடியும் கொடுக்காமல் 10 ஓவர்களில் 34 ரன்களுக்கு 2 விக்கெட்டுகளைச் சாய்த்து, சொன்னதைச் செய்தும் காட்டினார். நமக்கு அது வருத்தமான நாளேயாயினும், அந்தப் பந்து வீச்சைப் பாராட்டாமல் இருக்க இயலாது. 2025 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் 28 ரன்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தியபொழுது, டெஸ்ட் ஆட்டங்களில் அவர் எடுத்த விக்கெட்டுகளின் எண்ணிக்கை 300-ஐத் தொட்டது.

எல்லாருக்கும் இந்தப் பாக்கியம் கிட்டுவதில்லை. கம்மின்ஸ் முதன்முதலில் ஆடிய அடுத்த மாதமே ஜேம்ஸ் பாட்டின்ஸன் என்ற மற்றோர் இளைஞர் பிரிஸ்பேனில் நியூசிலாந்துக்கு எதிராக 27 ரன்களுக்கு 5 விக்கெட்டுகளை எடுத்து வியப்பூட்டினார். வேகத்திலும் துணிவிலும் எவருக்கும் இளைத்தவரல்லர். ஆனால், காயங்கள் அவரையும் தொடர்ந்தன. முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. 21 டெஸ்ட் ஆட்டங்கள், 81 விக்கெட்டுகள் என்ற அளவில் 2021-இல் அவர் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். கம்மின்ஸுக்குக் கூட அந்தப் பகை முற்றிலும் நீங்கிவிடவில்லை. 2025 செப்டம்பரில் முதுகெலும்பில் மறுபடியும் கோளாறு காணப்படவே, அவ்வாண்டின் ஆஷஸ் தொடரின் முதல் ஆட்டத்தில் அவரால் இறங்க முடியவில்லை.

நம் நாட்டின் நகரங்களிலே, பள்ளி மைதானங்களிலும் தொழிற்சாலைக் குடியிருப்புகளின் திடல்களிலும், வேகமாகப் பந்து வீசும் சிறுவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அத்தகைய சிறுவன் ஒருவன் கிடைத்துவிட்டால், ஆட்டத்தை வென்றாக வேண்டும் என்ற ஆவலில் ஓவருக்குமேல் ஓவராக அவனிடமே பந்தைக் கொடுத்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. முதுகு வலிக்கிறது என்று அவன் சொன்னால், அது சோம்பல் என்று கருதுவோரும் உண்டு. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், இளைஞர்கள் வீசத்தக்க ஓவர்களுக்கு வயதுக்கேற்ற வரம்பு விதித்திருக்கிறார்கள். அந்த வரம்புக்குப் பின்னால் பல இளைஞர்களின் முறிந்த எலும்புகள் இருக்கின்றன. ஆகவே, பெற்றோர்களும் பயிற்சியாளர்களும் பந்துகளை எண்ணப் பழக வேண்டும். சிறுவன் வலி என்று சொன்னால் நம்ப வேண்டும். ஒரு பருவம் இழந்தாலும் பாதகமில்லை என்னும் துணிவு வேண்டும்.

முதிராத கன்றின் தோளில் நுகத்தடியை வைக்கும் உழவன் ஒரு நாள் உழவைப் பெறுகிறான். ஓர் எருதை இழந்துவிடுகிறான். வேகம் இயற்கை தந்த கொடை. அந்தக் கொடை நிலைத்து நின்று பயன் தர வேண்டுமானால், சுற்றியிருப்பவர்களும் காத்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.