ஏரியும் இளைஞரும்
(ஊராட்சி உறுப்பினர், உழவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பருவநிலை மாற்றம் பற்றி இக்கால இளைஞர்கள் மிகுதியாகப் பேசுகின்றனர், மண்வெட்டி எடுக்கச் சொன்னால் ஒருவரையும் காணோம் என்று நம்மில் பலர் குறைப்பட்டுக் கொள்கிறோம். இக்குறை முற்றும் பொய்யன்று. ஆனால் அதில் நம் பங்கு எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

நாகை வட்டாரத்தில் இன்று இருபது வயதை ஒட்டிய ஒருவர் தம் சிறு பருவத்தில் கண்டது என்ன? 2016 ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவில் பாதிகூடப் பெய்யவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வீசித் தென்னந்தோப்புகளை ஓரிரவில் சாய்த்தது. 2023 டிசம்பரில் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும் அவர் செய்தியில் கண்டார். மழை பொய்ப்பதையும் மிகுவதையும் நம் முன்னோரும் அறிவர். ஆயினும் வெப்பம் உயர உயரக் காற்று கூடுதலான நீராவியைத் தாங்குகிறது. ஆகவே பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது என்பது அறிவியலார் கூற்று. இதைப் பள்ளியிலேயே படித்துவிட்ட இளைஞர், இந்நிலத்தை நம்பி இருக்கலாமா என்று கேட்கிறார். நம்மிடம் விடை இல்லையேல் அவர் திருப்பூருக்குப் பேருந்து ஏறிவிடுவார்.

கஜாவுக்குப் பின் 2019 இல், தஞ்சை மாவட்டம் பேராவூரணியில் இளைஞர்கள் ஒன்றுகூடி, பொருள் திரட்டிப் பெரிய ஏரியைத் தூர்வாரினர். பிற ஊர் ஏரிகளுக்கும் அம்முயற்சி பரவியது. ஆகவே உழைக்க மனமில்லை என்று கூறுவதற்கில்லை.

நம் கிராம சபைகளில் நடப்பது என்ன? வரத்து வாய்க்கால் அடைபட்டுள்ளது என்று ஓர் இளைஞர் எழுந்து சொன்னால், "உட்கார் தம்பி, பெரியவர்கள் பேசட்டும்" என்கிறோம். பதினெட்டு வயது நிரம்பி வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற எவரும் அச்சபையின் உறுப்பினரே. வாய்க்காலுக்குள் வரப்பை நகர்த்தியவரோ பெரும்பாலும் நம் வயதினர். சில இடங்களில் நம் உறவினர். அப்பேச்சு நமக்குக் கசப்பதன் காரணம் அதுவேயாகும்.

இளைஞரிடமும் பிழையுண்டு. ஒரு நாள் மரக்கன்று நட்டுப் படமெடுத்துச் செல்கின்றனர். இரண்டு கோடைக்கேனும் நீர் ஊற்றாத கன்று பிழைப்பதரிது. (அவ்விழாக்களில் மாலை சூடி நின்றவர்கள் நாம்தாம்!)

அவர்களிடம் ஊர் ஏரியை ஒப்படைத்துப் பார்ப்போம். ஆண், பெண் இருபாலாரும் சேர்ந்த குழுவாக இருக்கட்டும். நாம் கேலி பேசும் அதே கைப்பேசியால், மழைக்கு முன்னும் பின்னும் வாய்க்கால், மதகு, கலிங்கு ஆகியவற்றைப் படமெடுத்து வரட்டும். ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்க அது பதிவேடாகும். வரத்து வாய்க்காலைச் சீராக்கிய பின்னரே ஏரியில் கை வைக்க வேண்டும். வரத்தில்லாத ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினும் பயனில்லை. கரையடியில் தோண்டலாகாது. வண்டல் மண்ணை உழவர் கட்டணமின்றி எடுக்க, 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம். மணற்பாங்கான நிலத்திற்கு அது நல்ல உரம்.

அடுத்த கிராம சபையில் வாய்க்காலின் நிலையை அவ்விளைஞரே எழுந்து படிக்கட்டும். ஆக்கிரமித்தவர் பட்டியலில் நம் வீட்டுப் பெயரே வந்தாலும், அவர் படித்து முடிக்கும்வரை நாம் இடைமறிக்காமல் இருப்போம்.